கீழடிக் கரித்துண்டும் பால்வீதியின் காஸ்மிக் கதிர்களும்

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2019இல் சொன்னது. அதற்குப் பிறகு அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் காலக்கணக்கைக் கரிக்குள் எழுதி வைத்தது எது என்று கேட்டால், பதில் பூமியை விட்டே வெளியே போய்விடும். ஆய்வகத்தில் எண்ணியது கரியில் மிச்சமிருந்த கார்பன்-14 அணுக்களை. அந்தக் கார்பன்-14 நமக்கு மேலே, வளிமண்டலத்தின் உயர் அடுக்குகளில், இடைவிடாமல் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கிறது. அதை உருவாக்குபவை சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து, பல லட்சம் ஆண்டுகள் அலைந்து திரிந்து வந்து சேரும் துகள்கள். காஸ்மிக் கதிர்கள், அண்டக்கதிர்கள் என்று இவற்றைத்தான் சொல்கிறோம். பெரும்பாலானவை நம் பால்வீதிக்கு உள்ளேயே பிறந்தவை.

இவற்றைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்ப வியப்பைத் தருகிறது. கிளம்பிய துகள் கிளம்பியபடியே தரைக்கு வருவது ஏறக்குறைய நடக்காத காரியம். வழியில் எதன்மீதோ மோதி உடைகிறது, மோதியதையும் உடைக்கிறது. நம் கைக்கு வருவது உடைசல் மட்டும். எங்கே பிறந்தது, எவ்வளவு காலம் அலைந்தது, எதைக் கடந்து வந்தது என்று நமக்குத் தெரிந்த எல்லாமே அந்த உடைசலை எண்ணிக் கற்றவைதான்.

பெயரில் மட்டும் கதிர்

நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்னப் புதிர் இருந்தது. நன்றாக மூடி வைத்த மின்காட்டி கூடத் தன் மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தது. மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கப் பொருள்களே காரணம் என்று நினைத்தார்கள். அப்படியென்றால் தரையை விட்டு மேலே போகப் போக இழப்பு குறைய வேண்டும், இல்லையா? 1910இல் தியோடர் வுல்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார் தானே வடிவமைத்த மின்காட்டியோடு ஈஃபிள் கோபுரத்தில் ஏறி அளந்து பார்த்தார். குறைந்தது, ஆனால் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை.

ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறினார். 1912 ஏப்ரலில் ஒரு சூரிய கிரகணத்தின்போதே பறந்தார். சூரியன் மறைந்தபோதும் அளவு குறையவில்லை. அப்படியானால் இதன் மூலம் சூரியனாக இருக்க முடியாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று, இன்று செக் நாட்டில் இருக்கும் ஊஸ்டி நகரத்திலிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பி 5,000 மீட்டருக்கு மேல் போனார். அங்கே மின்காட்டி தரையில் இருந்ததைவிடத் தெளிவாக வேகமாக மின்னூட்டத்தை இழந்தது. மேலிருந்து ஏதோ வருகிறது என்று அவர் எழுதினார். 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

‘காஸ்மிக் கதிர்’ என்ற பெயர் 1925 வாக்கில் அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன் தந்தது. ஒளியின் வகையைச் சேர்ந்த காமா கதிர்கள் என்றுதான் அவர் உறுதியாக நம்பினார். ஆனால் ஜேக்கப் க்ளே என்ற டச்சுக்காரர் 1927இல் ஜாவாவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையே கப்பலில் போகும்போது அளந்து பார்த்ததில், நிலநடுக்கோட்டை நெருங்கும்போது கதிர்களின் அளவு குறைந்தது. பூமியின் காந்தப்புலம் ஒளியைத் தடுக்காது. மின்னூட்டம் உள்ள துகளைத்தான் திருப்பிவிடும். எனவே இவை துகள்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இன்று நமக்குத் தெரிந்த கணக்கு இது: 100 காஸ்மிக் கதிர் அணுக்கருக்களில் ஏறத்தாழ 90 வெறும் புரோட்டான்கள், 9 ஹீலியம் கருக்கள், மீதியுள்ள ஒரு சதவீதத்துக்குள் கார்பன், ஆக்சிஜன், இரும்பு என்று மற்ற தனிமங்கள் அனைத்தும். எலக்ட்ரான் ஆடை முழுவதும் கழன்ற அணுக்கருக்கள் இவை. பெரும்பாலானவை ஒளியின் வேகத்தை ஒட்டியே பறக்கின்றன.

முகவரி தொலைந்த பயணி

ஒரு நட்சத்திரத்தின் ஒளி எங்கிருந்து வருகிறது என்று அது வரும் திசையைப் பார்த்தே சொல்லிவிடலாம். காஸ்மிக் கதிருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. பால்வீதி முழுக்க மிக மெல்லிய காந்தப்புலம் பரவியிருக்கிறது. பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு பலவீனமானது. ஆனால் தூரம் அவ்வளவு பெரிது என்பதால் அதுவே போதும். துகள்களின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு பீட்டா எலக்ட்ரான் வோல்ட், அதாவது 1க்குப் பின்னால் 15 சுழியம் போட்ட அத்தனை எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உள்ள புரோட்டான் கூட அந்தப் புலத்தில் ஏறத்தாழ ஓர் ஒளியாண்டு ஆரமுள்ள வட்டத்தில் வளைந்துவிடும். பால்வீதியின் விட்டமோ ஒரு லட்சம் ஒளியாண்டு. அதற்குள் எத்தனை ஆயிரம் முறை திசை மாறியிருக்கும்! அது வந்து சேரும்போது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்ப்பதில் பயனே இல்லை. எல்லாத் திசைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் வருகின்றன.

திசை இல்லாவிட்டால் வரவு செலவுக் கணக்கைப் பார்க்கலாம். பால்வீதியில் உள்ள காஸ்மிக் கதிர்களின் அளவு குறையாமல் இருக்க, தப்பிப் போகும் கதிர்களுக்கு ஈடாக எவ்வளவு ஆற்றல் உள்ளே வர வேண்டும் என்று கணக்கிட்டால், இரண்டு மூன்று கோடி சூரியன்கள் வெளியிடும் ஆற்றலுக்குச் சமமான ஒரு தொகை வருகிறது. நம் பால்வீதியில் அவ்வளவு பெரிய வரவு எங்கே இருக்கிறது? 1934இலேயே வால்டர் பாடேவும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் சூப்பர்நோவாவைச் சுட்டிக்காட்டினார்கள். பெரிய விண்மீன் ஒன்று வாழ்வின் முடிவில் வெடித்துச் சிதறுவதுதான் சூப்பர்நோவா. பால்வீதியில் நூறு ஆண்டுக்கு இரண்டு மூன்று இப்படி நடக்கலாம் என்பது மதிப்பீடு. வெடிப்பில் சிதறும் பொருளின் இயக்க ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு துகள்களுக்குப் போனாலே கணக்கு நேராகிவிடும்.

சரி, ஒரு வெடிப்பு ஒரு புரோட்டானை இவ்வளவு வேகத்துக்கு எப்படித் தள்ளுகிறது? ஒரே உதையில் தள்ளுவதில்லை. வெடித்த பொருள் நொடிக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வெளியே பாயும்போது, அதன் முகப்பில் ஓர் அதிர்ச்சி அலை உருவாகிறது. அந்த அலையின் இரு பக்கமும் காந்தப்புலங்கள் குழம்பிக் கிடக்கின்றன. புரோட்டான் இந்தப் பக்கம் போனால் காந்தப்புலம் அதைத் திருப்பி அந்தப் பக்கம் அனுப்புகிறது, அங்கிருந்து மறுபடி இங்கே. கிரிக்கெட்டில் எதிரே வீசி வரும் மட்டையில் பட்ட பந்து வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் போகிறதே, அதுபோல ஒவ்வொரு முறை அலையைக் கடக்கும்போதும் துகளுக்குக் கொஞ்சம் ஆற்றல் கூடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு சதவீதம் என்ற அளவில்தான். ஆனால் வட்டிக்கு வட்டி மாதிரி ஆயிரக்கணக்கான சுற்றுகளில் அது எங்கேயோ போய்விடுகிறது. இந்தக் கருத்தின் முதல் வடிவத்தை என்ரிகோ ஃபெர்மி 1949இல் முன்வைத்தார். அதிர்ச்சி அலையை வைத்து அது முழுமை பெற்றது 1977–78இல்.

நேரடிச் சான்று கிடைக்க மேலும் 35 ஆண்டுகள் ஆயின. அதுவும் உடைசல் வழியாகத்தான் கிடைத்தது. வேகமான புரோட்டான் ஒரு வாயு மேகத்தில் மோதினால் பயான் என்ற துகள்கள் தெறிக்கும். அவற்றில் மின்னூட்டம் இல்லாதவை உடனே இரண்டு காமா கதிர்களாக உடையும். காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை, எனவே காந்தப்புலம் அதை வளைக்காது; அது நேராக வரும், முகவரியோடு வரும். டபிள்யூ44, ஐசி443 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களிலிருந்து பயான் உடைந்ததற்கே உரிய காமா கதிர் அடையாளத்தை ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்தது 2013இல் வெளிவந்தது. அங்கே புரோட்டான்கள் முடுக்கப்படுகின்றன என்பதில் அதற்குப் பிறகு சந்தேகம் இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. காஸ்மிக் கதிர்களின் எண்ணிக்கை ஆற்றல் கூடக்கூட ஒரு சீரான விகிதத்தில் குறைந்துகொண்டே போகிறது. 3 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் அந்தக் கோடு சட்டென்று இன்னும் செங்குத்தாக இறங்குகிறது. 1958இல் சோவியத் ஆய்வாளர்கள் கண்ட இந்த மடிப்புக்கு ‘முழங்கால்’ என்றே பெயர். அதுவரை புரோட்டான்களைத் தள்ளிவிடும் வல்லமை ஏதோ ஒன்றுக்குப் பால்வீதியில் இருக்கிறது. அது சூப்பர்நோவாவாகவே இருக்கும் என்று நினைத்தோம். அருகில் கிடக்கும் இளம் எச்சமான காசியோப்பியா ஏயை உற்றுப் பார்த்தால், அங்கிருந்து வரும் காமா கதிர்கள் அவ்வளவு உயரத்துக்குப் போகவே இல்லை. வெகு முன்பே தீர்ந்துவிடுகின்றன. இதற்கு மாறாக, சீனாவின் சிச்சுவான் மலைகளில் 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ ஆய்வகம், சிக்னஸ் விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து 1.4 பீட்டா எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் ஒன்றைப் பிடித்ததாக 2021இல் அறிவித்தது. அப்படி ஒரு காமா கதிர் பிறக்க, அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றலுள்ள புரோட்டான் தேவை. சிக்னஸில் இருப்பது இளம், பெரும் விண்மீன்கள் நெருக்கமாகக் கூடிய ஒரு கொத்து. அவற்றின் காற்றுகள் ஒன்றோடொன்று மோதும் இடமே பெரிய முடுக்கியாக இருக்கலாம். என் கணிப்பில், ‘காஸ்மிக் கதிர்கள் சூப்பர்நோவாவிலிருந்து வருகின்றன’ என்று பாடநூல்கள் ஒரே வரியில் எழுதும் காலம் முடிந்துவிட்டது. ஆற்றல் குறைந்தவற்றுக்கு அது பொருந்தும். உச்ச ஆற்றலுக்கு வேறு ஆள் இருக்கிறார்.

அந்த முழங்காலையும் தாண்டி, அதைவிட ஆயிரம், பத்தாயிரம் மடங்கு ஆற்றலோடு வருபவை பால்வீதியைச் சேர்ந்தவை இல்லை. அவற்றை நம் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கவே முடியாது. 1991 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பதிவான ஒரு துகளுக்கு, வேகமாக வீசிய ஒரு பந்தின் ஆற்றல் இருந்தது. ஒரே ஓர் அணுக்கருவில்! அவை தனிக் கதை.

உடைசலில் ஒரு கடிகாரம்

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். லித்தியம், பெரிலியம், போரான் ஆகிய மூன்றும் பிரபஞ்சத்தில் அரிதானவை. விண்மீன்கள் இவற்றைச் சமைப்பதில்லை, இருப்பதையும் எரித்துவிடுகின்றன. ஆனால் காஸ்மிக் கதிர்களில் இவை சூரியக் குடும்பத்தில் இருப்பதைவிட லட்சம் மடங்கு அளவில் கூடுதலாக இருக்கின்றன. 100 கார்பன் கருக்கள் வந்தால் 30 போரான் கருக்கள் வரை சேர்ந்து வருகின்றன. இவை எங்கேயும் பிறந்தவை இல்லை; கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவில் மோதி உடைந்த துண்டுகள்.

எவ்வளவு உடைந்திருக்கிறது என்பதை வைத்து எவ்வளவு பொருளைக் கடந்து வந்தது என்று கணக்கிடலாம். விடை வியப்பானது: மொத்தப் பயணத்திலும் சுமார் 5 முதல் 10 செ.மீ. தண்ணீரைக் கடந்ததற்குச் சமமான பொருள்தான். ஒரு டம்ளர் தண்ணீரின் உயரம். விண்வெளி அவ்வளவு காலி.

அடுத்த கேள்வி: எவ்வளவு காலம்? பெரிலியத்தில் பெரிலியம்-10 என்று ஒரு வகை உண்டு. அது கதிரியக்கமுள்ளது. ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். உடைந்தபோது எவ்வளவு உருவாகியிருக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் அளந்துவிட்டார்கள். வந்து சேர்வதில் எவ்வளவு மிச்சம் என்று செயற்கைக்கோள் கருவிகள் எண்ணின. வித்தியாசம்தான் வயது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டு. ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஒன்றரைக் கோடி ஆண்டு ஓடியும், குறுக்களவு ஒரு லட்சம் ஒளியாண்டே உள்ள பால்வீதியை விட்டு வெளியேறவில்லை என்றால் அது எப்படிச் சுற்றிச் சுற்றி வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் வைத்தால் மூன்றாவது ஒன்று தானாக விழுகிறது. பால்வீதியின் தட்டையான வட்டில் வாயு கன சென்டிமீட்டருக்குச் சராசரியாக ஓர் அணு என்ற அளவில் இருக்கிறது. ஒன்றரைக் கோடி ஆண்டும் துகள் அந்த வட்டுக்குள்ளேயே ஓடியிருந்தால் இன்னும் பல மடங்கு பொருளில் மோதியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. அதாவது, பெரும்பகுதிக் காலத்தை வட்டுக்கு மேலும் கீழும் விரிந்திருக்கும் அதைவிடக் காலியான வெளியில் கழித்திருக்கிறது. பால்வீதிக்கு அப்படி ஒரு காந்தப்புல உறை உண்டு என்பதைப் போரான், பெரிலியம் என்ற இரண்டு வகைத் துண்டுகளை எண்ணியே சொல்லிவிட்டார்கள்.

மூன்று அரண்கள்

பூமிக்கு வருவதற்கு முன் இந்தத் துகள் மூன்று தடுப்புகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது சூரியன். சூரியக்காற்றும் அது சுமந்து செல்லும் காந்தப்புலமும் சேர்ந்து ஒரு பெரிய குமிழியை ஊதி வைத்திருக்கின்றன. வாயேஜர் 1 விண்கலம் 2012 ஆகஸ்ட் 25 அன்று, சூரியனிலிருந்து 1,800 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், அந்தக் குமிழியின் எல்லையைத் தாண்டியது. சூரியத் துகள்கள் சட்டென்று வற்றின. பால்வீதியின் துகள்கள் பெருகின. அதுவரை நாம் அளந்ததெல்லாம் வடிகட்டி வந்த மிச்சம். மூலச் சரக்கை மனிதக் கருவி முதன்முதலில் ருசி பார்த்தது அன்றுதான். சூரியன் 11 ஆண்டுக்கு ஒருமுறை கொந்தளித்து அடங்கும். கொந்தளிக்கும்போது குமிழி பலமாக இருக்கும், காஸ்மிக் கதிர்கள் குறையும். அடங்கும்போது கூடும்.

இரண்டாவது பூமியின் காந்தப்புலம். இதில் தென்னிந்தியாவுக்கு ஒரு தனி இடம் உண்டு. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. தும்பாவில் 1963இல் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். அந்தத் திட்டத்தை நடத்திய விக்ரம் சாராபாய் வெப்பமண்டலப் பகுதிகளில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்துதான் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். உலகிலேயே காந்தத் தடுப்பு மிக அதிகமாக உள்ள பகுதிகளில் நம்முடையது ஒன்று. ஊட்டியில் செங்குத்தாக இறங்க வேண்டுமானால் ஒரு புரோட்டானுக்கு ஏறத்தாழ 1,600 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்க வேண்டும். துருவங்களில் அப்படி ஒரு தடையே இல்லை.

மூன்றாவது காற்று. நம் தலைக்கு மேல் உள்ள காற்றின் எடை பத்து மீட்டர் தண்ணீருக்குச் சமம். விண்வெளியில் ஒன்றரைக் கோடி ஆண்டுகளில் ஒரு டம்ளர் தண்ணீரின் உயரத்தைக் கடந்த துகள், இங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் பத்து மீட்டரைச் சந்திக்கிறது. 15, 20 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் கருவில் மோதி நொறுங்குகிறது. தெறித்த துண்டுகள் அடுத்த கருக்களில் மோதுகின்றன. ஒன்று பலவாக, பல லட்சமாகப் பெருகி ஒரு துகள் பொழிவாக இறங்குகிறது. ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் 1937இல் இப்படி எலக்ட்ரான்கள் பெருகுவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இந்தியாவில் இந்தத் துறை வேர்விட்டது பாபாவால்தான்.

இந்தப் பொழிவில் தரைவரை வந்து சேர்வது பெரும்பாலும் மியூவான்கள். எலக்ட்ரானின் கனமான உறவுக்காரன் என்று சொல்லலாம். அதன் சராசரி ஆயுள் நொடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. நியாயமாக 660 மீட்டர் போவதற்குள் சிதைந்துவிட வேண்டும். ஆனால் ஒளிவேகத்தை ஒட்டி ஓடும் பொருளுக்குக் காலம் மெதுவாகும் என்று ஐன்ஸ்டைன் சொன்னது அப்படியே நடப்பதால் தரையைத் தொட்டுவிடுகிறது. கடல்மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று. விரித்த உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது. கோலார் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித்தான் இவற்றிடமிருந்து தப்ப முடிந்தது. அந்த அமைதியில்தான் 1965இல் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உருவாக்கும் நியூட்ரினோக்கள் முதன்முதலில் பிடிபட்டன.

முத்தோரையின் இரும்புக் குழாய்கள்

ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேருக்கு முத்தோரையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருப்பது தெரியும்? 2,200 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவில் ஏறத்தாழ 400 உணர்கருவிகள் பரவி நிற்கின்றன. பக்கத்தில் 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி. கேட்க ஆடம்பரமாக இருந்தாலும் அதன் உறுப்புகள் ஆறு மீட்டர் நீள இரும்புக் குழாய்கள்தான், மொத்தம் 3,712. வாயு அடைத்து, நடுவில் கம்பி இழுத்து, மேலே தடித்த கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள். நாளொன்றுக்கு 400 கோடி மியூவான்களை எண்ணுகிறது. கிரேப்ஸ்-3 என்பது இந்த இந்திய–ஜப்பானியக் கூட்டு முயற்சியின் பெயர்.

2014 டிசம்பர் 1 அன்று மேலே ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான்களின் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. சுமார் இரண்டு சதவீதம். மியூவான்களில் நேர்மின் உள்ளவை சற்று அதிகம். மேகத்தின் மின்னழுத்தம் அவற்றின் ஆற்றலைப் பறித்ததால் சில கீழே எட்டவில்லை. எவ்வளவு மின்னழுத்தம் இருந்தால் இந்த அளவு குறையும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். விடை 130 கோடி வோல்ட்! பலூன் அனுப்பி அதுவரை அளந்ததைவிடப் பத்து மடங்கு. இடிமேகத்தில் இவ்வளவு இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் ஊகித்து 90 ஆண்டுகள் கழித்து, 2019இல் இந்த முடிவு வெளிவந்தது. மேகத்தை அளக்க மேகத்துக்குள் போக வேண்டியிருக்கவில்லை. பால்வீதி அனுப்பிய துகளே உள்ளே புகுந்து வந்து சொன்னது.

2015 ஜூன் 22 அன்று அதே குழாய்கள் இரண்டு மணி நேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாக மியூவான்களை எண்ணின. சூரியன் வீசியெறிந்த மின்மவாயு மேகம் பூமியில் மோதியதால் காந்த அரண் சிறிது நேரம் பலவீனமானதே காரணம். வேறு நாள்களில் தடுத்து நிறுத்தப்படும் கதிர்கள் அன்று உள்ளே நுழைந்தன. 2024இல் வந்த இன்னொரு முடிவு: 166 லட்சம் கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே, புரோட்டான்கள் குறையும் வேகம் சற்றுத் தளர்கிறது. முழங்கால்வரை ஒரே நேர்கோடு என்ற நெடுநாள் நம்பிக்கையில் அது ஒரு மடிப்பைக் காட்டிவிட்டது. மூலம் ஒன்றல்ல, பலவகை என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

உடம்பிலும் கருவியிலும்

பயப்பட வேண்டுமா? தரையில் இருப்பவர்கள் வேண்டாம். இயற்கையிலிருந்து நாம் ஆண்டுக்குச் சராசரியாகப் பெறும் 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிரியக்கத்தில் காஸ்மிக் கதிர்களின் பங்கு 0.4க்கும் சற்றுக் குறைவு. மண்ணும் நாம் சுவாசிக்கும் ரேடான் வாயுவும் தருவது அதைவிட அதிகம். விமானம் பறக்கும் உயரத்தில் பல மடங்கு கூடும். துருவத்தை ஒட்டிய பாதையில் நிலநடுக்கோட்டுப் பாதையைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். எப்போதாவது பறப்பவர்களுக்கு அது பொருட்டில்லை. ஆண்டு முழுக்கப் பறக்கும் விமானிகள், பணிப்பெண்களின் கணக்கை வைத்திருப்பது அவசியம்.

விண்வெளி வீரர்களுக்குத்தான் இது உண்மையான தடைச்சுவர். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும் வழியில் அளந்ததை வைத்துப் பார்த்தால், போகவும் திரும்பவும் மட்டும் சுமார் 660 மில்லிசீவர்ட் ஆகும். நாம் தரையில் 250 ஆண்டுகளுக்கு மேல் வாங்குவதை ஓராண்டுப் பயணத்தில் வாங்குவது. புரோட்டானைவிட இரும்புக் கரு மோசம். துகள் கடந்துபோகும் தடத்தில் விளையும் சேதம் மின்னூட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். இரும்புக்கு அது 26இன் இருமடி, அதாவது 676 மடங்கு. விண்கலத்தின் சுவரைக் கொஞ்சம் தடிமனாக்கினால் போதுமே என்று தோன்றலாம். சுவரில் மோதி உடையும் துண்டுகளே உள்ளே ஒரு சிறு பொழிவாக இறங்கும் என்பதால் அது அவ்வளவு எளிதில்லை. வேடிக்கை என்னவென்றால், சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் பயணம் செய்தால் பால்வீதிக் கதிர்கள் குறையும். ஆனால் சூரியப் புயலில் சிக்கும் ஆபத்து கூடும்.

மின்னணுச் சில்லுகளில் ஒரு துகள் ஒரே ஒரு பிட்டை 0விலிருந்து 1ஆக மாற்றிவிட முடியும். 2003 மே மாதம் பெல்ஜியத் தேர்தலில் பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் ஒரு வேட்பாளருக்குக் கணினி 4,096 வாக்குகள் கூடுதலாகக் காட்டியது. 4,096 என்பது 2இன் 12ஆவது அடுக்கு. ஒரு பிட் புரண்டால் வரும் துல்லியமான எண். மென்பொருளில் பிழை கிடைக்கவில்லை. காஸ்மிக் கதிர்தான் என்று நிரூபிக்க வழியில்லாவிட்டாலும் அதன் மேல்தான் சந்தேகம் விழுந்தது. இதனால்தான் முக்கியமான கணினிகளின் நினைவகத்தில் பிழை திருத்தும் அமைப்பு வைக்கிறார்கள்.

ஒரு கூற்றை மட்டும் இங்கே தெளிவுபடுத்தத் தோன்றுகிறது. காஸ்மிக் கதிர்கள் மேகத்தை உருவாக்குகின்றன, எனவே புவி வெப்பமாவதற்கு அவைதான் காரணம் என்று அவ்வப்போது வாட்ஸ்அப்பில் வரும். 1997இல் டென்மார்க் ஆய்வாளர்கள் முன்வைத்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தது இது. ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் பெரிய கலத்துக்குள் செயற்கை வளிமண்டலம் வைத்துச் சோதித்தார்கள். கதிர்கள் நுண்துகள் உருவாக உதவுகின்றன, உண்மை. ஆனால் மேகங்களின் மேல் அதன் தாக்கம் மிகச் சிறியது. அதோடு, கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் காஸ்மிக் கதிர்கள் 11 ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவதைத் தவிர ஒரே திசையில் நகரவில்லை, வெப்பநிலை நகர்ந்துவிட்டது.

மறுபடியும் கரித்துண்டு

அந்தத் துகள் பொழிவில் நியூட்ரான்களும் தெறிக்கின்றன. வேகம் தணிந்த நியூட்ரானை ஒரு நைட்ரஜன்-14 கரு பிடித்துக்கொண்டு ஒரு புரோட்டானை வெளியே விட்டால் அது கார்பன்-14 ஆகிவிடும். ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகிக் காற்றில் கலக்கும். செடி அதை எடுத்துக்கொள்ளும், செடியைத் தின்னும் உயிர்களும். லட்சம் கோடிக் கார்பன் அணுக்களில் ஏறத்தாழ ஒன்று இப்படிப்பட்டது. மரத்தை வெட்டி எரித்த நாளிலிருந்து புதிதாகச் சேராது. 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் கரைந்துகொண்டே இருக்கும். வில்லர்ட் லிப்பி இதைக் கடிகாரமாக்கி 1960இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது பால்வீதி. அந்தச் சாவியை இறுக்குவதும் தளர்த்துவதும் சூரியன். சூரியன் மந்தமாக இருந்தால் கதிர்கள் கூடும், கார்பன்-14 கூடும். 1645 முதல் 1715 வரை சூரியப் புள்ளிகள் அநேகமாக மறைந்துபோன காலத்தில் அப்படித்தான் ஆனது. எனவே ஆய்வகம் தரும் வெறும் எண்ணை, மர வளையங்களை வைத்துத் தயாரித்த அளவுத்திருத்த வளைவோடு ஒப்பிட்டுத்தான் உண்மையான ஆண்டாக மாற்றுகிறார்கள்.

இங்கேதான் கீழடிக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று இருக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைவு ஏறத்தாழத் தட்டையாகக் கிடக்கிறது. தொல்லியலாளர்கள் அதை ‘ஹால்ஸ்டாட் சமதளம்’ என்பார்கள். அதற்குச் சற்று முன்னால் சூரியன் நீண்ட காலம் மந்தமாக இருந்ததால் காற்றில் கார்பன்-14 ஏறியது. பிறகு சிறுகச் சிறுக இறங்கியது. அதனால் கி.மு. 750இல் எரிந்த மரம் அதிகக் கார்பன்-14உடன் தொடங்கி அதிக காலம் இழந்திருக்கிறது. கி.மு. 450இல் எரிந்த மரம் குறைவாகத் தொடங்கிக் குறைந்த காலமே இழந்திருக்கிறது. இன்று இரண்டிலும் மிச்சம் கிட்டத்தட்ட ஒன்று. 580 அந்தச் சமதளத்தின் நடுவே விழுகிறது. ஆகவே அந்த ஆண்டை ஒற்றை எண்ணாகச் சொல்வதைவிட, அதன் முன்பின் எல்லையோடு, அதே குழியில் மேலும் கீழும் கிடைத்த மற்ற மாதிரிகளோடு, பானையோட்டு எழுத்துகளோடு சேர்த்து வாசிப்பதே சரி. சிவகளை அகழாய்வில் கிடைத்த நெல்லுக்குச் சொன்ன கி.மு. 1155க்கும் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்குச் சொன்ன கி.மு. 2172க்கும் இந்தச் சமதளம் குறுக்கே வருவதில்லை. அவை அதற்கு வெகு முன்னால் போய்விட்டன.